பதினான்காம் பதிப்பில் வந்த தாய்மாமன்

பாம்பின் விஷம் என்பது ஒரு பொருள் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. படித்தவர்களும் நம்புகிறார்கள், பாம்பைக் கண்டால் ஓடுகிறவர்களும் நம்புகிறார்கள், ஓடாமல் நின்று கம்பைத் தேடுகிறவர்களும் நம்புகிறார்கள். இத்தனை பேர் ஒரே சமயத்தில் தவறாக இருப்பது மனித குலத்துக்கு நல்லதல்ல என்பதால் இதை இங்கேயே தீர்த்துவிட வேண்டியிருக்கிறது. விஷம் ஒரு பொருள் அல்ல, விஷம் ஒரு கூட்டுக்குடும்பம். நல்லபாம்பின் ஒரே ஒரு சொட்டுக்குள் நரம்பை அணைக்கிறவன் இருக்கிறான், இதயத்தைக் குழப்புகிறவன் இருக்கிறான், திசுவைக் கரைக்கிறவன் இருக்கிறான், எந்த வேலையும் செய்யாமல் பந்திக்கு மட்டும் வந்து உட்காருகிற சித்தப்பாக்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரும் புரதங்கள், அத்தனை பேருக்கும் பெயரும் பூர்வீகமும் உண்டு, கோளாறான சில பங்காளிச் சண்டைகளும் உண்டு.

இந்தக் குடும்பங்களைப் பிரித்து, யார் யாருக்கு என்ன உறவு என்று கணிப்பொறியில் பதிந்துவைக்கிற வேலையை உலகத்தில் ஒரு சில இடங்களில் செய்கிறார்கள். அவற்றில் ஒன்று உப்போடைப்பட்டி, பேருந்து நிலையத்துக்கு எதிரே, உரக்கடைக்கு மேல்மாடி. அந்தக் கரிசல் பக்கத்துக் கல்லூரி ஒருகாலத்தில் உயிரித்தகவலியல் என்ற படிப்பை அமோகமாகச் சொல்லிக்கொடுத்தது. படித்து முடித்த பெண்கள் நகைக்கடையில் பில் போட்டார்கள், மழலையர் பள்ளியில் ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுத்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். பிறகு பெங்களூரில் எவருக்கோ இப்படியொரு படிப்பைப் படித்துவிட்டு ஓர் ஊரே சும்மா இருக்கிறது என்று தெரியவந்து, நஞ்சுப் புரதங்களின் தகவல்தளத்துக்கு ஒரு கிளை அலுவலகம் அங்கே முளைத்தது. கீழே யூரியா வாசனை, மேலே நாகங்களின் பூர்வீகம்.

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் மூத்தவள் தங்கபுஷ்பம். பள்ளி வேன் ஓட்டும் செண்பகராஜின் மனைவி, ஐந்து வயது மகிழாவின் அம்மா, யார் எங்கே தவறாக எழுதியிருந்தாலும் சுவரொட்டியாக இருந்தால்கூட நின்று திருத்தாமல் நகர முடியாதவள். பெங்களூரிலிருந்து வந்த கையேடு ஒவ்வொரு நஞ்சுக்கும் குடும்பம், பெருங்குடும்பம், துணையலகு, ஒப்புமை, சான்றின் வகை என்று கட்டம் கட்டமாக நிரப்பச் சொன்னபோது, பக்கத்து நாற்காலி ஜெசிந்தா கையேட்டின் மேலேயே கவிழ்ந்து தூங்கிப்போனாள். அவளை எழுப்பித்தான் தங்கபுஷ்பம் அந்த முறையைச் சொன்னாள்.

"எதுக்குடி இதைப் போட்டுக் குழப்பிக்கிடுத? ஒரே பாட்டன் வழி வந்து, ஒரே முகவெட்டு இருந்தா பங்காளி. வேற வேற வீட்டுல பொறந்து, கட்டிக்கிட்டு ஒண்ணா வேலை பார்த்தா சம்பந்தம். தீந்தது."

"அப்ப இந்த மூணு விரல் நஞ்செல்லாம்?"

"மூணு விரலை நீட்டுன மாதிரி மடிஞ்சிருக்கா? எல்லாம் பங்காளி. ஒருத்தன் நரம்புல வேலை பார்ப்பான், ஒருத்தன் இதயத்துல வேலை பார்ப்பான். உங்க வீட்டுல ஒரு அண்ணன் போலீஸு, ஒரு அண்ணன் சாராயக் கேஸுல உள்ள இருக்கான். பங்காளி இல்லைன்னு ஆயிருமா?"

ஆகாதுதான் என்று ஜெசிந்தா ஒப்புக்கொண்டாள். அன்றுமுதல் உப்போடைப்பட்டியில் நஞ்சுகள் உறவுமுறையால் பிரிக்கப்பட்டன. கட்டுவிரியனிடம் இரண்டு சங்கிலிகள் சேர்ந்த ஒரு நஞ்சு இருந்தது. ஒன்று கொழுப்பை அறுக்கிற வீட்டில் பிறந்தது, மற்றது அறுப்பவர்களைத் தடுக்கிற வீட்டில் பிறந்தது, இரண்டையும் ஒரு கந்தகப் பிணைப்பு இறுக்கிக் கட்டியிருந்தது. அந்தப் பிணைப்பை அலுவலகத்தில் தாலி என்றே சொன்னார்கள். ஒவ்வொரு பதிவிலும் கடைசியில் 'குறிப்பு' என்றொரு கட்டம் இருந்தது. யாரும் படிக்காத அந்தக் கட்டத்தில் தங்கள் வசதிக்காகப் பங்காளி, சம்பந்தி, கொழுந்தன், ஓரகத்தி என்று எழுதி வைத்துக்கொண்டு, மேலேயுள்ள கட்டங்களைக் கையேட்டு மொழியில் நிரப்பினார்கள், தகவல்தளத்தின் ஒவ்வொரு பதிப்பும் வெளிவருமுன் குறிப்பை அழித்தார்கள். மற்றக் கிளைகளில் பிழைகள் மலிந்திருந்தபோது உப்போடைப்பட்டியின் பதிவுகள் துடைத்துவைத்த பித்தளை போல இருந்தன. அந்த வட்டாரத்தில் பிறந்த யாரும் பங்காளியையும் மச்சானையும் மாற்றிச் சொல்லிவிட மாட்டார்கள். மாற்றிச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும்.

உலகத்துப் பாம்புகளுக்கெல்லாம் உறவு கண்டுபிடித்த தங்கபுஷ்பத்துக்கு ஓர் அண்ணனோ தம்பியோ இல்லை. அப்பாவும் ஒற்றைப்பிள்ளை, அவளும் ஒற்றைப்பிள்ளை. மகிழாவுக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். அதுவும் ஒற்றைப்படை வயதில்தான் குத்தவேண்டும். ஒரு வயதில் குத்துவதாக இருந்தபோது, அம்மா வழியில் எப்படியோ அண்ணன் முறையாகிற சூரத்துக்காரர் ஒருவர் வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. மூன்று வயதில் வருவதாகச் சொல்லவும் இல்லை. இப்போது ஐந்து. பள்ளியில் மற்றப் பெண்பிள்ளைகள் தோடும் ஜிமிக்கியும் ஆட வருகையில், மகிழா காதில் வேப்பங்குச்சியைச் செருக முயன்று அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

நாத்தனார் இந்திராணி இரண்டு தெரு தள்ளி இருந்தாள். வாரத்துக்கு ஒருமுறை வந்து, பிள்ளையின் காதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவாள்.

"பொறந்த வீட்டுல ஒரு ஆம்பளப்புள்ள இல்லாத இடத்துல பொண்ணெடுத்தா இப்படித்தான். என் தம்பி மகளுக்குக் காது ரெண்டும் பூட்டியே கெடக்கு."

"மடி இல்லாம குத்துனா என்ன மதினி ஆயிரும்?"

"ஒண்ணும் ஆகாது. நான் வரமாட்டேன், என் வீட்டுக்காரர் வரமாட்டார், எங்க வகையறாவுல ஒருத்தரும் வரமாட்டாங்க. ஆசாரியும் நீயுமா உக்காந்து குத்திக்கோங்க."

தங்கபுஷ்பம் அந்தப் பேச்சைத் தாங்கிக்கொண்டாள். மகளின் கண்ணாடி பார்க்கிற பழக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பெங்களூர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நஞ்சில்லாத உயிரின் உமிழ்நீர் வேண்டும் என்று எல்லாக் கிளைகளிலும் கேட்டது. விஷம் என்பதே செழித்துப்போன எச்சில் என்பதால் இது நியாயமான கோரிக்கை. ஊழியர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே சின்னக் குழாய்களில் துப்பிக் கொடுத்தார்கள். கீழேயிருந்த வாட்ச்மேன் கொண்டையாவும் தன்னைக் கேட்கவில்லையே என்று வருத்தப்பட்டு மேலே ஏறிவந்து துப்பினார். அவற்றின் புரத வரிசைகள் பெங்களூரிலிருந்து திரும்பி வந்தன. தங்கபுஷ்பத்தின் எச்சிலில் கந்தகம் மிகுந்த ஒரு புரதம் இருந்தது. அது எல்லோர் எச்சிலிலும் இருப்பதுதான். அதன் உறவினன் நல்லபாம்பின் விஷத்தில் இருந்தான். கணிப்பொறி வரைந்த வம்சமரத்தில் அவள் கிளையும் நாகத்தின் கிளையும் ஒரே கணுவிலிருந்து பிரிந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பழக்கதோஷத்தில் அவள் குறிப்புக் கட்டத்தில் 'கூடப்பிறந்தவன்' என்று எழுதினாள். ஜெசிந்தா தன் வரிசைக்குக் கட்டுவிரியனைப் பங்காளி என்று எழுதினாள். கொண்டையாவுக்குக் கண்ணாடிவிரியன் சம்பந்தி ஆனது. குறிப்புகளை ஜெசிந்தா அழித்திருப்பாள் என்று தங்கபுஷ்பம் நினைத்தாள், தங்கபுஷ்பம் அழித்திருப்பாள் என்று ஜெசிந்தா நினைத்தாள். பதினான்காம் பதிப்பு வெள்ளிக்கிழமை உலகம் முழுவதற்கும் வெளியானது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கபுஷ்பத்தின் வீட்டுக்கு நல்லபாம்பு வந்தது.

அது வாசல் வழியாக வந்தது. தெரு முதலில் கவனித்தது இதைத்தான். திருட்டுத்தனமாக வருகிற பாம்பு கொல்லைப்புறமாக, சாக்கடைக் குழாய் வழியாக வரும்; இது நடுத்தெருவில் நேராக வந்து, படியேறி, நிலைக்கு வெளியே நின்று, தலையை ஒரு சாண் தூக்கி, கூப்பிடட்டும் என்று காத்திருந்தது. உள்ளே கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"யாரு வந்திருக்கா?" என்றார் செண்பகராஜ்.

தங்கபுஷ்பம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. அந்தக் கட்டத்தை யாரும் அழிக்கவில்லை என்பது உறைத்து, ஒரு திருத்துநராக வெட்கமாகவும் இருந்தது.

"எங்க வீட்டு ஆளுங்க."

"அண்ணனா, தம்பியா?"

"தெரியலை. அந்த மரத்துல கிளைதான் காட்டும், வயசு காட்டாது."

செண்பகராஜ் கொஞ்சம் யோசித்தார். கல்யாணமான நாளிலிருந்து மச்சான் என்று கூப்பிட ஆளில்லாத மனிதர் அவர். "சரி, நிக்க வச்சுப் பேசாத. வாங்க மச்சான், உள்ள வாங்க."

மச்சான் உள்ளே வந்து, மின்விசிறிக்குக் கீழே சுவரோரமாக உடம்பை அடுக்கிக்கொண்டு, ஒரு முட்டை சாப்பிட்டது. கட்டிக்கொடுத்த வீட்டுக்கு முதல்முறை வருகிற எந்த அண்ணனையும் போல கேஸ் சிலிண்டரைப் பார்த்தது, கூரையில் ஒழுகிய கறையைப் பார்த்தது, தங்கச்சியின் கழுத்தைப் பார்த்தது. குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று செண்பகராஜ் குரலை உயர்த்தியபோது, அது சத்தமில்லாமல் படம் எடுத்து, அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை இறக்காமல் இருந்தது. அன்று அவர் தன் தட்டைத் தானே கழுவினார், பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மகிழா மட்டும் எதற்கும் தயங்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மாமா, உங்களுக்குக் காது எங்க?" என்று கேட்டாள்.

ஒரு வீட்டோடு இது நின்றிருந்தால் அந்த வீட்டு விஷயமாகவே போயிருக்கும். ஆனால் உப்போடைப்பட்டியில் யாரும் யாருக்கும் ஏதாவது ஒரு முறை ஆகிறவர்கள். கொடுத்தும் எடுத்தும், எடுத்த இடத்திலேயே திரும்பக் கொடுத்தும் ஊரே ஒரு பின்னலாக இருந்ததால், தங்கபுஷ்பத்துக்கு அண்ணனான நாகம் அடுத்த தெருவுக்குச் சித்தப்பாவும் அதற்கடுத்த தெருவுக்கு மாப்பிள்ளையும் ஆனது. அந்த வாரத்துக்குள் ஊரைச் சுற்றியிருந்த பாம்புகள் அத்தனையும் தத்தம் முறை அறிந்து நடக்கத் தொடங்கின. கட்டுவிரியன்கள் ஜெசிந்தா வீட்டு மாலை ஜெபத்துக்கு வந்து பின்வரிசையில் கிடந்தன. அவளுடைய அப்பா அவை எந்தச் சபை என்று மட்டும் விசாரித்தார். கண்ணாடிவிரியன் சம்பந்திக்குரிய முறுக்கோடு, மூன்றுமுறை அழைத்தபிறகே கொண்டையாவின் வாசலை மிதித்தது, அதாவது மிதிக்கிற மாதிரி கடந்தது. சுருட்டைவிரியன்களுக்கு யாரும் குறிப்பு எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அவை எல்லா விசேஷத்துக்கும் வந்தன, எந்த ஊரிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள் என்பதால் ஒருவரும் கேட்கவில்லை.

பரமன் டீக்கடையில் இதைப் பற்றி இரண்டு நாள் பேச்சு நடந்தது.

"பாம்புன்னா கூடப் பரவாயில்லப்பா. சொந்தம்னு ஆயிருச்சே, இனிமே எப்படிக் கம்பெடுத்து அடிக்கிறது?"

"சொந்தம்னாத்தாம்யா அடிக்கவே தோணுது."

"கடிச்சு வச்சிட்டா?"

"பங்காளி என்னைக்குய்யா கடிச்சிருக்கான்? பேச்ச நிப்பாட்டிருவான், பத்திரிகையில பேர் போடலேன்னு முறைப்பான். அது கடியில சேராது."

உண்மையிலேயே கடி நின்றுபோனது. அரசு ஆஸ்பத்திரியில் பாம்புக்கடிக்கு வாங்கி வைத்திருந்த மருந்து குளிர்பெட்டியில் அப்படியே இருந்தது. டாக்டரம்மா மத்தியானம் தூங்கப் பழகி, முகம் தெளிந்து, பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பிடித்துப்போனார். எலிகள் ஊரைக் காலி செய்தன. வனக்காவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, பிடித்து வைத்திருக்கிறீர்களா, வித்தை காட்டுகிறீர்களா என்றெல்லாம் கேட்டார். இல்லை என்றார்கள். பிறகு ஏன் வருகிறது என்றார். "தங்கச்சி வீட்டுக்கு வராம வேற எங்க சார் போகும்?" என்று செண்பகராஜ் திருப்பிக் கேட்டார். அதற்குச் சட்டத்தில் பதில் இல்லாததால் காவலர் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

தங்கபுஷ்பம் காதுகுத்துக்கு நாள் குறித்தாள். வெற்றிலை பாக்கு வைத்து நாகத்தை முறைப்படி அழைத்தாள். இந்திராணி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"மாமன் இருக்கட்டும். மடி எங்கடி இருக்கு அதுக்கு?"

இது லேசான கேள்வி அல்ல. இரண்டு கால் இருந்தால்தானே மடி. ஊர் இரண்டாகப் பிரிந்தது. மடி என்று சாஸ்திரம் சொல்வது மாமனின் அன்பைத்தான் என்றது ஒரு கட்சி. அன்பில் குழந்தையை எப்படி உட்காரவைப்பது என்றது மறு கட்சி. காது குத்தப்போகிற உலகநாத ஆசாரி, "மடியோ மணையோ, பிள்ளை ஆடாம இருந்தாச் சரி" என்று நழுவினார். கடைசியில் தையற்காரர் காஜா மைதீன்தான், கழுத்தில் அளவு நாடா தொங்க, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி தீர்ப்புச் சொன்னார்.

"இத்தனை வருசமா அளவெடுக்கேன். நெஞ்சு எடுத்திருக்கேன், இடுப்பு எடுத்திருக்கேன், எவனுக்காவது மடி அளவு எடுத்திருக்கனா? இல்ல. ஏன்? அப்படி ஒரு உறுப்பே கிடையாது. மனுசன் உக்காந்தா மடி வருது, எந்திரிச்சா காணாமப் போயிருது. பாம்பு சுருண்டா வருது, நீண்டா போயிருது. ரெண்டும் ஒரே கணக்குதான்."

எழுந்து நின்று தன் மடியைத் தேடிப் பார்த்த பரமன், காணாமல் வியந்து, எல்லோருக்கும் இன்னொரு சுற்று டீ போட்டார். இந்திராணிக்கு வேறு வாதம் அகப்படவில்லை. "மண்டபத்துல வச்சாத்தான் வருவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். இந்திராணி வருவாள் என்றால் வகையறா வரும். தங்கபுஷ்பம் மண்டபம் பேசினாள், மகிழாவுக்குப் பச்சைப் பாவாடை எடுத்தாள், ஒரு மாதமாகப் பாடாத பாட்டெல்லாம் பாடிக்கொண்டு அலுவலகம் போனாள். அங்கே பெங்களூரிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது.

தகவல்தளத்தின் தலைமைத் திருத்துநர் டாக்டர் ஷைலஜா எழுதியிருந்தார். பதினான்காம் பதிப்பின் குறிப்புக் கட்டங்களில் கையேட்டில் இல்லாத உறவுப் பெயர்கள் காணப்படுவதாகவும், இவற்றுக்குச் சான்று எதுவும் காட்டப்படவில்லை என்றும், வரும் வெள்ளிக்கிழமை வெளியாகும் பதினைந்தாம் பதிப்பில் அந்தக் கட்டம் முழுவதும் நீக்கப்படும் என்றும், சோதனைக்காக ஒரு குறிப்பு ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது என்றும் அதில் இருந்தது. காதுகுத்து அந்த வெள்ளிக்கு அடுத்த ஞாயிறு.

எந்தக் குறிப்பு நீக்கப்பட்டது என்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. கொண்டையா வழக்கம்போல "வாங்க சம்பந்தி" என்று கதவைத் திறக்க, கண்ணாடிவிரியன் அவரை முன்பின் பார்த்திராதது போல உடம்பை ஊதிப் பிரஷர் குக்கர் மாதிரி சீறியது. அவர் ஸ்டூலில் ஏறி நின்றார். அது போன வெகுநேரத்துக்கு அப்புறமும் இறங்கவில்லை. "கும்பிட்டுக் கூப்பிட்டேன் தாயி, யார் நீன்னு கேக்குது" என்று தங்கபுஷ்பத்திடம் சொல்லிச் சொல்லிக் கண் கலங்கினார்.

தங்கபுஷ்பத்துக்குக் கோபம்கூட வரவில்லை. மேடம் எழுதியது சரி. சான்றில்லாத உறவு தகவல்தளத்தில் நிற்கக்கூடாது. வேறொரு கிளை இப்படி எழுதியிருந்தால் அவளே முதல் ஆளாக அழித்திருப்பாள். சரியான ஒன்றால் தன் பிள்ளையின் காது மூடியே இருக்கப்போகிறது என்பதுதான் உறுத்தியது. அவள் பெங்களூருக்குப் போன் செய்தாள். டாக்டர் ஷைலஜா ஓசூர்க்காரர், தமிழிலேயே பேசினார்.

"வரிசை ஒத்துப்போறது ஒப்புமைதாம்மா. ஒப்புமை வேற, உறவு வேற. முகம் ஒரே மாதிரி இருக்கிறவங்க எல்லாம் அண்ணன் தங்கச்சி ஆயிடுவாங்களா?"

"ஆகமாட்டாங்க மேடம்."

"நேரடிச் சான்று வேணும். உறவுன்னா அது என்ன வேலை செய்யுது? அந்த வேலை நடந்ததை யாராவது பார்த்திருக்காங்களா?"

தங்கபுஷ்பம் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை நடக்குது மேடம். நீங்களே வந்து பாருங்க. இலை போட்டுருதோம்."

மறுமுனையில் நாட்குறிப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. விதிகளை நேசிக்கிறவர்கள், விதி ஒரு வாய்ப்புக் கொடுத்தால் அதை மறுக்கமாட்டார்கள். பதினைந்தாம் பதிப்பு திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

புதன்கிழமை வந்த நாகத்தின் கண்கள் பால்போல வெளுத்திருந்தன. தங்கபுஷ்பத்துக்கு அதன் அர்த்தம் தெரியும்: தோல் உரியப்போகிறது, உரிகிறவரை கண் தெரியாது, எங்காவது பொந்தில் முடங்கிவிடும், எத்தனை நாள் என்று அதற்கே தெரியாது. அது சுவரில் இரண்டுமுறை முட்டிக்கொண்டு வெளியே போனது. வியாழன் வரவில்லை, வெள்ளி வரவில்லை, சனிக்கிழமை அவள் வேலி வேலியாகப் போய் "அண்ணே, நாளைக்குத்தான்" என்று ஒவ்வொரு பொந்திலும் குனிந்து சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிறு காலை மண்டபம் நிறைந்தது. ஜெசிந்தா வீட்டார் கட்டுவிரியன்களோடு வந்தார்கள், அவை பகல்வெளிச்சத்தில் தூக்கக்கலக்கமாக இருந்ததால் நாற்காலிகளுக்கு அடியில் இடம் கொடுக்கப்பட்டது. டாக்டர் ஷைலஜா முதல் வரிசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். இந்திராணி பட்டுச்சேலையில் வந்து, காலியாக இருந்த மணையைப் பார்த்து, மற்றவர்களையும் பார்க்கவைத்தாள். நாதஸ்வரக்காரர் இரண்டுமுறை எச்சில் துடைத்தார். நேரம் போனது. ஆசாரி ஊசியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"சூரத்து மாமனாவது ரயிலு கெடைக்கலேன்னான்" என்றாள் இந்திராணி, மெதுவாகச் சொல்வதுபோலச் சத்தமாக. "இந்த மாமன் என்ன சொல்லப்போறானோ."

மகிழா அம்மாவைப் பார்த்தாள். தங்கபுஷ்பம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வாசலைப் பார்த்தாள்.

அங்கே ஒரு சலசலப்பு. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட, உரித்த தோலை அப்போதுதான் விட்டு வந்த நல்லபாம்பு, எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்ததுபோல மினுமினுத்துக்கொண்டு, அவசரமில்லாமல், பெண்கொடுத்த வீட்டு மரியாதை குறையாமல் உள்ளே வந்தது. பின்னால் பரமனும் காஜா மைதீனும் ஒரு தாம்பாளத்தைத் தூக்கி வந்தார்கள். மூக்கிலிருந்து வால்வரை ஒரு கிழிசல் இல்லாமல் முழுசாக உரிந்திருந்த தோல், வெற்றிலைகளின் மேல் மடித்துவைக்கப்பட்டிருந்தது. மாமன் கொண்டுவந்த சீர். வேலியோரம் முள்ளில் மாட்டிக்கொண்டு தவித்ததைப் பார்த்து இவர்கள்தான் எடுத்துவிட்டார்களாம். மைதீன் அதைத் தூக்கிக் காட்டி, "தையலே இல்ல பாருங்க" என்றார், தொழில் பொறாமையோடு. நாதஸ்வரம் எடுத்துக்கொண்டது, தவில் எடுத்துக்கொண்டது, யாரோ குலவையிட்டார்கள், இந்திராணிதான் என்று பிறகு சொன்னார்கள், அவள் மறுத்தாள்.

நாகம் மணையின்மேல் ஏறிச் சுற்றுச் சுற்றாகச் சுருண்டது. மடி வந்தது. மகிழா பச்சைப் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, மாமன் தந்த தோலைத் தாவணிபோலத் தோளில் போட்டுக்கொண்டு, அதில் உட்கார்ந்தாள். தலைக்குமேல் படம் குடையாக விரிந்தது. ஆசாரி குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு வலது காதில் ஊசியை இறக்கினார்.

குழந்தைகள் காது குத்தும்போது என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். கைக்கு அகப்பட்ட மாமனைக் கடிக்கும். மகிழா வீறிட்டுக்கொண்டே குனிந்து, அகப்பட்ட முதல் சுருளைப் பல் பதியக் கடித்தாள்.

தவில் பாதியில் நின்றது. நாற்காலிகளுக்கு அடியில் கட்டுவிரியன்கள் விழித்துக்கொண்டன. நல்லபாம்பின் உடம்பு முழுவதும் ஒரு நடுக்கம் ஓடியது, நாக்கு ஒருமுறை வெளியே வந்து போனது. பிறகு அது தலையைத் திருப்பி வேறு பக்கம் பார்த்தது, கடிபட்ட தாய்மாமன்கள் அன்றிலிருந்து இன்றுவரை எப்படி உத்தரத்தைப் பார்ப்பார்களோ அப்படி. சுருள் தளரவில்லை. செண்பகராஜ் ஓடிப்போய் ஒரு சர்க்கரை மிட்டாயை மகள் வாயில் திணித்தார், இன்னொன்றை என்ன செய்வதென்று தெரியாமல் மச்சான் முன்னால் வைத்தார்.

டாக்டர் ஷைலஜா எழுந்து வந்து குனிந்து பல் தடத்தைப் பார்த்தார். அவர் குரல் கொஞ்சம் மாறியிருந்தது, ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"ஒருமுறை நடந்தது தற்செயலா இருக்கலாம். மறுபடியும் செய்து பார்க்க வழி இருக்கா?"

"ரெண்டு காது மேடம்" என்றாள் தங்கபுஷ்பம்.

ஆசாரி இடது காதில் குத்தினார். மகிழா கடித்தாள். மாமன் உத்தரத்தைப் பார்த்தது.

பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தபடி, அப்பளத்தை ஒரு கையால் நொறுக்கிக்கொண்டே, டாக்டர் ஷைலஜா அந்தப் பதிவைத் திறந்து, சான்றின் வகை என்ற கட்டத்தில் 'வரிசை ஒப்புமை' என்றிருந்ததை அழித்து 'நேரடியாகக் கவனிக்கப்பட்டது, இருமுறை' என்று எழுதினார். குறிப்புக் கட்டம் அப்படியே நிற்கும் என்றார், கொண்டையாவின் சம்பந்தியையும் மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார், பாயசம் இன்னும் கொஞ்சம் கேட்டார். தங்கபுஷ்பம் பரிமாறிக்கொண்டே எட்டிப் பார்த்து, 'கூடப்பிறந்தவன்' என்பதை 'கூடப்பிறந்த அண்ணன்' என்று திருத்தலாமா என்று கேட்டாள். வயதுக்குச் சான்று இல்லையே என்றார் டாக்டர். சீர் கொண்டுவந்தவர் மூத்தவராகத்தான் இருக்கமுடியும் என்று இந்திராணி எதிர் இலையிலிருந்து அடித்துச் சொன்னாள். மகிழா இரண்டு காதிலும் மஞ்சளும் தங்கக் கம்பியுமாக, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தலையை இடமும் வலமும் ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பதினைந்தாம் பதிப்பு திங்கட்கிழமை வெளியானது. அடுத்த முகூர்த்தத்துக்குள் மண்டபத்துக்காரர் தச்சரை வரவழைத்து, கதவு சாத்தியிருந்தாலும் மாமன்மார் உள்ளே வரும்படி எல்லாக் கதவுகளின் அடிப்பலகையையும் இரண்டு விரல் உயரத்துக்கு அறுத்தெடுக்கச் சொன்னார்.